மண்ணுக்குத் திரும்பும் இரும்பு

நுழையும்முன்

ஏர்முனை முதல் தொடர்வண்டிப் பாலம் வரை மனித வாழ்வைத் தாங்கி நிற்பது இரும்பு. அந்த இரும்பை ஓசையின்றித் தின்று தீர்ப்பது துரு. துரு ஏன் தோன்றுகிறது, எவ்விடத்தில் விரைகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பனவற்றை அறிந்த சமூகம் தன் பொருளையும் உயிரையும் காத்துக்கொள்கிறது. பழனிமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பு தொடங்கிப் பாம்பன் கடற்பாலம் வரை காணக்கிடைக்கும் சான்றுகளின் வழியே உலோக அரிமானத்தின் அறிவியலை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே இரும்பு, இரு நிலைகள்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிமலைத் தொடரின் கீழ்மலை அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் அய்யம்பாளையம். அருகில் மருதாநதி அணை உள்ளது. ஊரைச் சுற்றித் தென்னந்தோப்புகள் பரந்து கிடக்கின்றன. தேங்காய் உரிப்பதற்காக இத்தகைய தோப்புகளில் கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு கடப்பாரையை நிலத்தில் ஊன்றி வைப்பர். அதன் முனை வெள்ளிபோல் பளபளக்கும். அதே கடப்பாரை மண்ணைத் தொடும் இடத்திலோ செம்பழுப்பு நிறத் துரு செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும்.

இரண்டும் ஒரே இரும்பு. இரண்டின்மீதும் பட்டது ஒரே காற்று. பெய்தது ஒரே மழை. எனினும் ஒரு முனை ஒளிர்கிறது. மறு பகுதி அழிகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காணப் புகுந்தால் அரிமான அறிவியலின் பெரும்பகுதி விளங்கிவிடும். அதற்கு முன்னர், இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும்.

தாதுவே தாய்நிலை

இயற்கையில் இரும்பு பெரும்பாலும் தனித்துக் கிடைப்பதில்லை. ஆக்சிசனோடு கூடிய தாதுவாகவே மண்ணில் உறைகிறது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட்டு அத்தகைய தாதுக்களுள் ஒன்று. தாதுவிலிருந்து ஆக்சிசனைப் பிரித்து இரும்பை மட்டும் வெளிக்கொணர உலையும் கரியும் பெருவெப்பமும் தேவை. தூய இரும்பு 1538 டிகிரி செல்சியசில்தான் உருகும் என்பதிலிருந்தே இரும்பைக் கையாள வேண்டிய வெப்பத்தின் அளவை உணரலாம்.

தமிழகத்தார் இக்கலையை மிகப் பழங்காலத்திலேயே கைவரப்பெற்றிருந்தனர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து இரும்புக் கருவிகள் பல கிடைத்துள்ளன.

உலையில் ஊட்டப்பட்ட ஆற்றலைத் தாங்கியிருக்கும் இரும்பு நிலையற்றது. மலைமேல் ஏற்றி வைத்த நீர் தாழ்விடம் நோக்கி ஓட முயல்வதுபோல, அதுவும் ஆக்சிசனோடு மீண்டும் கூடி ஆற்றல் குறைந்த நிலையை அடைய முயல்கிறது. துருவும் இரும்புத் தாதுவும் வேதியியல் நோக்கில் நெருங்கிய உறவுடையவை. ஆகவே, துருப்பிடித்தல் என்பது இரும்பின் நோயன்று. அஃது இரும்பின் இயல்பு. பொன்னும் பிளாட்டினமும் இயற்கையிலேயே தனி உலோகமாகக் கிடைப்பதும், அவை துருவேறாதிருப்பதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

உலோகம் தன் சூழலோடு வினைபுரிந்து படிப்படியாகச் சிதைவதையே அரிமானம் என்பர். இரும்பின் அரிமானத்திற்கு வழங்கும் சிறப்புப் பெயரே துருப்பிடித்தல்.

துரு பிறக்கும் வழி

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிசனும் இணைந்து தேவைப்படுகின்றன. முற்றிலும் உலர்ந்த காற்றில் வைத்த ஆணி துருவேறுவதில்லை. கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரில் இட்டு, மேலே எண்ணெய் ஊற்றி மூடிய ஆணியும் எளிதில் துருவேறுவதில்லை. இரண்டும் சேருமிடத்தில்தான் வினை தொடங்குகிறது.

இரும்பின்மீது ஒரு நீர்த்துளி படிகிறது எனக் கொள்வோம். அத்துளியின் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. அவ்விடத்திற்கு ஆனோடு என்று பெயர். அங்கு விடுபட்ட எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே நகர்ந்து வேறோர் இடத்தை அடைகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் அவற்றை ஏற்று, நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகிறது. அவ்விடம் கேதோடு எனப்படும். கரைந்த இரும்பு அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் நீரில் சந்தித்து இரும்பு ஹைட்ராக்சைடாகின்றன. அது மேலும் ஆக்சிசனை ஏற்று, நீர் கலந்த இரும்பு ஆக்சைடாகிறது. அதுவே செம்பழுப்புத் துரு.

இதனால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அரிமானம் ஒரு மின்வேதி நிகழ்வு. எலக்ட்ரான் செல்ல உலோகமும், அயனிகள் செல்ல ஈரமும் அதற்கு வழியாகின்றன. இரண்டாவது, இரும்பு கரையும் இடமும் துரு படியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே சிறிதாகத் தெரியும் துருவுக்குக் கீழே ஆழ்ந்த குழி மறைந்திருக்கக்கூடும். மூன்றாவது, துரு நுண்துளைகள் நிறைந்தது. இரும்போடு இறுகப் பற்றாதது. ஆதலால் அது தனக்குக் கீழுள்ள இரும்பைக் காக்காது உதிர்கிறது. புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் அரிக்கப்படுகிறது.

கடப்பாரைக்கு விடை

ஆக்சிசன் குறைந்த இடமே ஆனோடாகி அரிக்கப்படும் என்பது அரிமானத்தின் வியப்புக்குரிய விதி. ஆக்சிசன்தானே இரும்பைத் துருவாக்குகிறது. அது மிகுந்த இடத்தில் அன்றோ இரும்பு அழிய வேண்டும் என்று தோன்றலாம். உண்மை வேறு. ஆக்சிசன் மிகுந்த இடம் எலக்ட்ரான்களை ஏற்கும் கேதோடாகிறது. அந்த எலக்ட்ரான்களை ஈந்து கரைவது ஆக்சிசன் குறைந்த பகுதியே.

ஊன்றிய கடப்பாரையில் நிலமட்டத்தை ஒட்டிய பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிட்டுகிறது. அதற்குச் சற்றுக் கீழே, ஈரமண் சூழ்ந்த பகுதிக்கு அது குறைவு. மண்ணில் கரைந்துள்ள உப்புகள் அயனிகளுக்கு நல்ல வழி அமைத்துத் தருகின்றன. ஆகவே நிலமட்டத்தை ஒட்டி அரிமானம் முனைந்து நடைபெறுகிறது. மேல்முனையோ மழை நின்றதும் உலர்கிறது. மட்டையின் உராய்வால் ஒவ்வொரு நாளும் தேய்த்துத் துடைக்கப்படுகிறது. துரு வேரூன்ற அங்கு நேரமும் ஈரமும் வாய்ப்பதில்லை.

வேலிக்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கம்பங்கள் மண்ணோடு சேருமிடத்தில் முதலில் இற்றுப்போவதும், கிணற்றுக் குழாய்கள் நீர்மட்டத்தை ஒட்டி அரிக்கப்படுவதும், சேறு அப்பிய மண்வெட்டியில் சேற்றுக்கு அடியிலேயே குழி விழுவதும் இவ்விதியின் விளைவுகள். வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் உழவரின் வழக்கம், இந்த அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துவது. கழுவுதல் உப்பையும் சேற்றையும் நீக்குகிறது. துடைத்தல் ஈரத்தை அகற்றுகிறது. எண்ணெய்ப் படலம் காற்றையும் நீரையும் தடுக்கிறது.

அடிவாரம், மலை, கடல்

அரிமானத்தின் விரைவு இடத்துக்கு இடம் மாறும். காற்றின் ஈரப்பதம், ஈரம் உலோகத்தின்மீது தங்கும் நேரம், வெப்பநிலை, காற்றில் கலந்துள்ள உப்பு, புகை ஆகியவை அதனை முடிவுசெய்கின்றன. தூய காற்றில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது இரும்பின்மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துரு விரைகிறது.

அய்யம்பாளையம் போன்ற அடிவார ஊர்களில் வெயில் காலத்தில் இரும்பு விரைந்து உலர்ந்துவிடும். அங்கே திறந்த வெளியைவிட ஈரமண்ணும் உரமுமே இரும்புக்குப் பகை. பொட்டாசு உரத்தில் குளோரைடு உப்பு உள்ளது. பல உரங்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையவை. அவை சிந்திய இடத்தில் கருவிகளை வைத்தால் துரு எளிதில் பற்றும்.

அவ்வூரிலிருந்து மேலே ஏறினால் சூழல் மாறுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேல் உயர்ந்துள்ள கொடைக்கானலில் குளிர் மிகுதி. குளிர் வேதிவினையைத் தளர்த்தும். எனினும் மூடுபனியால் தகரக் கூரைகள் நெடுநேரம் நனைந்தே இருக்கும். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் புகுந்த நீர் உலர்வதற்கு வழியில்லை. ஆகவே அத்தகைய கூரைகளில் இடுக்குகளும் ஆணித்துளைகளும் முதலில் துருவேறுகின்றன.

பாம்பனின் நிலையோ இவ்விரண்டினும் கொடிது. அங்கு வெப்பமும் ஈரமும் கடலுப்பும் ஒருங்கே கூடியுள்ளன. அலை சிதறி எழும் நுண்திவலைகளைக் காற்று சுமந்து வந்து இரும்பின்மீது படியச் செய்கிறது. உப்பு நீரை நன்கு மின்கடத்தச் செய்வதோடு, ஈரத்தை ஈர்த்துத் தக்கவைத்தும் கொள்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின் காப்புப் படலத்தையும் ஊடுருவிச் சிதைக்கின்றன. எனவேதான் பாம்பன், உலோக அரிமானம் மிகக் கடுமையாக நிகழும் இடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இரு உலோகங்கள் சேர்ந்தால்

உலோகங்கள் எலக்ட்ரான்களை இழக்கும் இயல்பில் ஒன்றற்கொன்று வேறுபட்டவை. மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், தாமிரம், பொன் என்ற வரிசையில் முன்னிற்பவை எளிதில் இழப்பவை. பின்னிற்பவை எளிதில் இழக்காதவை. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், வரிசையில் முன்னுள்ளது அரிக்கப்பட்டுப் பின்னுள்ளதைக் காக்கும்.

நியூயார்க்குத் துறைமுகத்தில் 1886இல் நிறுவப்பட்ட சுதந்திர தேவி சிலை இதற்குத் தக்க சான்று. அதன் புறத்தோல் தாமிரத் தகடு. உள்ளே தாங்கி நின்றவை இரும்புச் சட்டங்கள். இரண்டும் தொடாதிருக்க அரக்கில் தோய்த்த கல்நார் இடையே வைக்கப்பட்டது. காலப்போக்கில் அது சிதைந்தது. கடற்காற்றின் ஈரத்தில் தாமிரமும் இரும்பும் ஒன்றையொன்று தொட, இரும்பு அரிக்கப்பட்டது. துருவேறிப் பருத்த சட்டங்கள், தகட்டைப் பிணைத்திருந்த தரையாணிகளைப் பிடுங்கி எறிந்தன. 1984 முதல் 1986 வரை நடைபெற்ற சீரமைப்பில் அச்சட்டங்கள் நீக்கப்பட்டுத் துருவேறா எஃகுச் சட்டங்கள் பொருத்தப்பட்டன.

அதே விதியைப் பகையாக அன்றித் துணையாகக் கொள்வதும் உண்டு. இரும்பின்மீது துத்தநாகம் பூசினால், பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். துத்தநாக முலாம் பூசும் முறைக்குப் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் என்பார் 1837இல் காப்புரிமை பெற்றார். தண்ணீர்க் குழாய்களும் வாளிகளும் வேலிக்கம்பிகளும் இம்முறையால் காக்கப்படுகின்றன. வெள்ளீயப் பூச்சின் இயல்பு வேறு. அது முழுமையாக இருக்கும்வரை நற்காப்பு. கீறல் விழுந்தாலோ வரிசையில் முன்னுள்ள இரும்பே விரைந்து அரிக்கப்படும். நசுங்கிக் கீறிய தகர டப்பாக்கள் எளிதில் துருவேறுவது இதனால்தான். பித்தளைப் பாத்திரங்களில் ஈயம் பூசும் மரபில் பயன்படுவதும் இவ்வெள்ளீயமே. புளிப்புள்ள உணவு பித்தளையோடு சேர்ந்து களிம்பு ஏறுவதை அப்பூச்சு தடுக்கிறது.

தெரியுமா?

மரக்கப்பல்களின் அடிப்பகுதியில் போர்த்திய தாமிரத் தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, ஹம்ப்ரி டேவி 1824இல் ஒரு வழி கண்டார். தாமிரத்தோடு சிறு துத்தநாக அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தார். அத்துண்டுகள் அரிக்கப்பட்டன, தாமிரம் பிழைத்தது. ஆயின் கரைந்துகொண்டிருந்த தாமிரமே அதுவரை கடற்பாசியையும் சிப்பிகளையும் அண்டவிடாமல் தடுத்து வந்தது. கரைவது நின்றதும் அவை கப்பலில் ஒட்டி வளர்ந்து அதன் விரைவைக் குறைத்தன. ஆங்கிலக் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. எனினும் அக்கோட்பாடே இன்று எஃகுக் கப்பல்களையும் நிலத்தடிக் குழாய்களையும் காக்கிறது.

தானே போர்த்திக்கொள்ளும் உலோகங்கள்

அலுமினியம் இரும்பைவிட எளிதில் ஆக்சிசனோடு வினைபுரிவது. எனினும் அலுமினியப் பாத்திரம் பல்லாண்டு உழைக்கிறது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தோன்றும் மெல்லிய ஆக்சைடு படலம் உலோகத்தை இறுகப் பற்றி, மேலும் ஆக்சிசன் புகாமல் தடுப்பதே காரணம். இரும்போடு ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்குக் குறையாத குரோமியம் சேர்த்தால் அத்தகைய படலம் எஃகின்மீதும் உண்டாகிறது. படலம் கீறப்பட்டாலும் ஆக்சிசன் கிட்டினால் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கிய துருவேறா எஃகின் அடிப்படை இதுவே. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை இவ்வகை எஃகுக்குப் பெயர்பெற்றது.

தில்லி குதுப் வளாகத்திலுள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகள் பழமையானது. ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடையும் கொண்ட அத்தூண் வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதும் சிதையவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதன் காரணத்தை ஆராய்ந்தார். பழைய உருக்கு முறையால் அவ்விரும்பில் பாஸ்பரசு மிகுந்திருந்தது. நனைந்தும் உலர்ந்தும் வந்த பருவ மாற்றங்களினூடே அந்தப் பாஸ்பரசின் துணையால் தூணின்மீது காப்புப் படலம் ஒன்று உருவானது. எனினும் நிலத்தில் புதைந்திருந்த அடிப்பகுதியில் துரு படிந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. புகழ்பெற்ற அத்தூணும் ஈரமண்ணில் இரும்பின் இயல்புக்கு விலக்காகவில்லை.

காக்கும் வழிகள்

அரிமானம் நிகழ ஆனோடும் கேதோடும், அவற்றை இணைக்கும் உலோகமும், இடையே ஈரமும் வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தடுத்தாலும் அரிமானம் தளரும். காப்பு முறைகள் அனைத்தும் இவ்வுண்மையின் வேறுபட்ட வடிவங்களே.

முதலாவது, தடுப்புப் பூச்சு. வண்ணப்பூச்சு, எண்ணெய், தார், பிளாஸ்டிக் உறை ஆகியவை நீரையும் காற்றையும் விலக்குகின்றன. பூசுவதற்கு முன் பழைய துருவையும் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முற்றிலும் நீக்குதல் இன்றியமையாதது. துருவின்மீது பூசிய வண்ணம் துருவை மறைக்குமேயன்றித் தடுக்காது. வண்ணத்தின் அடியில் வினை தொடர்ந்து, கொப்புளம் எழுந்து, படலம் உரிந்துவிடும்.

இரண்டாவது, தன்னை ஈந்து காக்கும் உலோகம். கப்பலின் எஃகு உடலில் துத்தநாகக் கட்டிகளையும், நிலத்தடிக் குழாய்களில் மக்னீசியக் கட்டிகளையும் இணைப்பர். கட்டி கரைந்து தீருமுன் மாற்றிவிட வேண்டும். வெளியிலிருந்து சிறிதளவு நேர்மின்னோட்டம் செலுத்தி உலோகம் முழுவதையும் கேதோடாக்கிக் காப்பதும் உண்டு.

மூன்றாவது, சூழலை மாற்றுதல். மூடிய அறையில் ஈரத்தை நீக்குதல், கொதிகலன் நீரிலிருந்து ஆக்சிசனை அகற்றுதல், அரிமானத் தடுப்பான்களைச் சேர்த்தல் ஆகியன இவ்வகையின. அகழாய்வில் கிடைத்த இரும்புக் கருவிகளைக் காரக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்துக் குளோரைடு உப்பை வெளியேற்றுவதும் இம்முறையே. அவ்வாறு செய்யாவிடில், மண்ணுக்குள் நூற்றாண்டுகள் தாங்கிய கருவி வெளிக்காற்றில் சில ஆண்டுகளிலேயே உதிர்ந்துவிடக்கூடும்.

நான்காவது, வடிவமைப்பு. நீர் தேங்காத சரிவு, இடுக்குகள் குறைந்த இணைப்பு, எளிதில் சென்று பார்த்துப் பழுது நீக்கக்கூடிய அமைப்பு ஆகியவற்றை வரைபட நிலையிலேயே எண்ணுதல் வேண்டும்.

கற்காரையினுள் வைக்கும் எஃகுக் கம்பிகள் தனிக் கவனத்திற்குரியன. கற்காரையின் வலிய காரத்தன்மை கம்பியின்மீது காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்புநீர் கலந்து குழைத்தாலோ, கடல் உப்பு வெளியிலிருந்து ஊடுருவினாலோ, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தன்மையைக் குறைத்தாலோ அப்படலம் அழிகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் மிகுந்தது. உள்ளே பருத்த துரு கற்காரையைப் பிளக்கிறது. கம்பியை ஒட்டி நீளவாக்கில் தோன்றும் விரிசலும் செம்பழுப்புக் கறையும் அதன் அறிகுறிகள். அந்நிலையில் சுவரின் மேற்பூச்சை மட்டும் புதுப்பிப்பது பயன்தராது.

பாம்பன் பாலம் உணர்த்துவது

இந்தியப் பெருநிலத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்த பழைய பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அப்பாலத்தின் நடுவே, கப்பல்கள் செல்வதற்காக இருபுறமும் மேலெழுந்து திறக்கும் பகுதி அமைந்திருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் ஒரே இரவில் பாலத்தின் பெரும்பகுதியைச் சிதைத்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் அது செப்பனிடப்பட்டது.

புயலின் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. அதனைச் சரிசெய்யும் பணி 46 நாள்களில் முடிந்தது. உப்புக்காற்றின் சேதமோ ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நிகழ்ந்தது. ஆகவே அதனை எதிர்த்த பணிக்கு முடிவே இருக்கவில்லை. துருவைச் சுரண்டி எடுத்தல், வண்ணம் பூசுதல், நலிந்த உறுப்புகளை மாற்றுதல் என நூறாண்டுகளுக்கு மேல் அப்பணி தொடர்ந்தது. பாலம் நெடுங்காலம் உழைத்தது அதன் இரும்பு துருவேறாதது என்பதனாலன்று. துருவேறும் என்பதை அறிந்தோர் அதனை ஓயாது கவனித்ததனால். இறுதியில், திறந்து மூடும் பகுதி வலுவிழந்த நிலையில் பயணிகளின் பாதுகாப்புக் கருதி 2022 டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

அதனருகே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் அமைப்புடையது. துருவேறா எஃகுக் கம்பிகள், முழுமையாகப் பற்றவைக்கப்பட்ட இணைப்புகள், பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு ஆகியவை அதற்குக் காப்பாக அமைந்துள்ளன. முந்தைய பாலம் கற்பித்த பாடங்கள் இவற்றில் வெளிப்படுகின்றன. ஆயினும் கடற்காற்று மாறவில்லை. கண்காணிப்பின் தேவையும் குறையவில்லை.

கவனிப்புத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு அமெரிக்காவின் வெள்ளிப்பாலம் சான்றாகிறது. ஒகாயோ ஆற்றின்மீது 1928இல் அமைக்கப்பட்ட அப்பாலம், 1967 டிசம்பர் 15 அன்று மாலை வாகனங்கள் நிறைந்திருந்த வேளையில் ஆற்றில் சரிந்தது. 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய இணைப்புச் சட்டம் ஒன்றின் கண்துளையில், அரிமானமும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கிய சிறு விரிசலே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. ஒரு முழுப் பாலத்தை வீழ்த்திய அவ்விரிசலின் ஆழம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வுசெய்யும் நாடளாவிய விதிமுறைகள் அந்நாட்டில் அதன் பின்னரே உருவாயின.

காரைக்குடியின் பங்களிப்பு

அரிமான ஆய்வில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. காரைக்குடியில் அமைந்துள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்துறையில் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் பண்டித ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். கடற்சூழலில் உலோகங்கள் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதை அறிய மண்டபத்தில் இதன் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. கற்காரைக்குள் வைக்கும் கம்பிகளைக் காக்கும் பூச்சு முறைகளையும் இவ்வாய்வகம் உருவாக்கியுள்ளது.

இத்தகைய ஆய்வின் பயன் பெரிது. அரிமானத்தால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு ஏறத்தாழ 2.5 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் என்றும், அஃது உலக மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 விழுக்காடு என்றும் பன்னாட்டு அரிமானப் பொறியாளர் அமைப்பு ஒன்று 2016இல் மதிப்பிட்டது. இன்று அறியப்பட்டுள்ள காப்பு முறைகளைச் செவ்வனே கையாண்டாலே அச்செலவில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அது கூறியது. இழப்பின் ஒரு பகுதி அறிவுக் குறைவால் நேர்வதன்று. அறிந்ததைச் செய்யாமையால் நேர்வது.

நிறைவாக

இரும்பு மண்ணுக்குத் திரும்ப விரும்பும் உலோகம். அதனை முற்றிலும் தடுத்து நிறுத்த இயலாது; அதன் பயணத்தை நீட்டிக்க இயலும். பூச்சு கரையும், காப்புக் கட்டி தேயும், படலம் கீறும். ஆகவே காப்பு என்பது ஒருமுறை செய்து மறந்துவிடும் செயலன்று; பருவந்தோறும் புதுப்பிக்க வேண்டிய கடமை. பள்ளியின் நீர்த்தொட்டி ஏணியும், பேருந்தின் அடித்தளமும், அணையின் மதகும் ஆண்டுக்கொருமுறை துருவுக்காகச் சோதிக்கப்படும் ஊரில், ஒரு விரிசல் விபத்தாக வளர்வதற்கு முன்னரே கண்டறியப்படும். அவ்விடத்தில் தேவைப்படுவது சிறிதளவு வண்ணமும் ஒருவரின் விழிப்புமே.

கலைச்சொற்கள்

அரிமானம் – உலோகம் சூழலோடு வினைபுரிந்து சிதைதல்
ஆனோடு – உலோகம் எலக்ட்ரான்களை இழந்து கரையும் இடம்
கேதோடு – எலக்ட்ரான்கள் ஏற்கப்படும் இடம்
முலாம் – ஓர் உலோகத்தின்மீது பிறிதோர் உலோகத்தை மெல்லிதாகப் பூசுதல்
அரிமானத் தடுப்பான் – சிறிதளவு சேர்த்தாலே அரிமானத்தைத் தளர்த்தும் வேதிப்பொருள்
களிம்பு – தாமிரம், பித்தளை ஆகியவற்றின்மீது படியும் பச்சை நிறப் படிவு

கற்பவை கற்றபின்

1. வீட்டிலும் பள்ளியிலும் துருவேறிய பொருள்கள் ஐந்தனைக் கண்டு, துரு எந்த இடத்தில் மிகுந்துள்ளது, ஏன் என்பதை அட்டவணைப்படுத்துக.
2. நான்கு ஆணிகளை உலர்ந்த காற்று, குழாய்நீர், உப்புநீர், எண்ணெய் மூடிய கொதித்தாறிய நீர் ஆகியவற்றில் பத்து நாள்கள் வைத்து, கண்ட மாற்றங்களை நாள்தோறும் குறித்து வகுப்பில் வழங்குக.
3. ஊரிலுள்ள உழவர், கொல்லர், ஈயம் பூசுவோர் ஆகியோரிடம் உலோகப் பொருள்களைப் பேணும் முறைகளைக் கேட்டறிந்து தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. துருப்பிடித்தல் இரும்பின் இயல்பு எனப்படுவது ஏன்?
2. துருவின்மீது வண்ணம் பூசுவதால் பயன் விளையாதது எதனால்?

சிறுவினா
1. துத்தநாகப் பூச்சும் வெள்ளீயப் பூச்சும் இரும்பைக் காக்கும் விதத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. அய்யம்பாளையம், கொடைக்கானல், பாம்பன் ஆகிய இடங்களின் அரிமானச் சூழலை ஒப்பிட்டு எழுதுக.

நெடுவினா
‘காப்பு என்பது ஒருமுறை செய்து மறந்துவிடும் செயலன்று’ என்னும் கருத்தைப் பாம்பன் பாலம், வெள்ளிப்பாலம் ஆகியவற்றின் வழி நிறுவுக.